இடது முன்சில்லு

சூறாவளி அடித்ததற்கு அடுத்த மாரியா, அதற்கும் அடுத்த மாரியா என்று கேட்டால் எனக்கு உடனே சொல்ல வராது. தென்னம்பிள்ளைகளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். சூறாவளியில் எங்கள் வளவில் நின்ற தென்னைகள் ஒன்று மிச்சமில்லாமல் விழுந்தன. பிறகு புதுப்பிள்ளைகள் கொண்டுவந்து நட்டோம். நான் சொல்லப்போகிற ஜனாஸா, அந்த அடக்கம் நடந்த நாளில் அந்தப் பிள்ளைகள் என் இடுப்பளவு நின்றன. மழை ஓலைகளை நிலத்தோடு அழுத்தி வைத்திருந்தது. அப்படியென்றால் இரண்டாவது மாரிதான்.

சூறாவளியை நான் சும்மா இழுக்கவில்லை. அதில்தான் சம்மாந்துறையில் ஒரு ஹாஜியாரின் ஜீப்பின் மேல் தென்னை விழுந்தது. கூரையும் எஞ்சினும் அப்பளமாய் நொறுங்கி, கீழே அச்சும் சில்லும் மட்டும் தப்பிக் கிடந்தன. சாமான் கழற்றி எடுக்கலாம் என்று அதை நான் வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, செத்த மாட்டைக் காசு கொடுத்து வாங்கிற முதல் ஆள் நீங்கதான் என்றாள். இறைச்சி இல்லாவிட்டாலும் கொம்பு உதவும் என்றேன். அந்தக் கொம்புதான் பிறகு குத்தியது.

கல்முனைக்குடியில் கடற்கரைக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில் என் கராஜ் இருந்தது. கராஜ் என்றால் நான்கு கப்பு, மேலே தகரம், கீழே எண்ணெய் ஊறிய மணல், அவ்வளவுதான். பலகையில் பெயர் எழுதி மாட்டவில்லை. எழுதியிருந்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போன நாட்களை விட அதற்கு ஒளித்த நாட்கள் அதிகம். ஆனால் ஜீப் என்றால் கிட்டங்கிக்கு அங்கால் உள்ள வயல் வட்டைகளில் இருந்தும் மெக்கானிக் பாஸ் என்று கேட்டு என்னைத் தேடி வருவார்கள். அந்தப் பேர் எனக்கு ருசியாக இருந்தது. அதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் ஊர்ப் போடியார் ஒருவரிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. போடியார் என்றால் வயல் நிறைய உள்ளவர். ஊர் கடற்கரையில், வயல் சவளக்கடைக்கும் அப்பால். அந்தப் பாதைக்கு ஜீப் இல்லாமல் சரிவராது. அந்தக் காலத்து ஜீப்பில் ஃபோர் வீல் கியரைப் போட்டவுடன் முன்சில்லு இழுத்துவிடாது. முதலில் இறங்க வேண்டும். இரண்டு முன்சில்லின் நடுவிலும் கைப்பிடியளவில் ஒரு ஹப் இருக்கும். அதைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். பூட்டினால்தான் சில்லு அச்சோடு சேரும். தார் ரோட்டில் ஏறியதும் திரும்ப இறங்கிப் பூட்டை விட்டுவிட வேண்டும். ஒரு பக்கம் பூட்டி மறுபக்கம் பூட்டாமல் விட்டால், வருகிற இழுவை எல்லாம் பூட்டாத பக்கத்தால் சும்மா சுற்றிப் போய்விடும். முன்சில்லு இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வலப்பக்கத்து ஹப் ட்ரைவருக்கு. இடப்பக்கத்து ஹப், முன் சீட்டில் பக்கத்தில் இருக்கிறவருக்கு. அவர் போடியாராக இருந்தாலும் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவார். ட்ரைவர் இடப்பக்கம் போய்ப் பார்ப்பது கிடையாது. பார்த்தால் பக்கத்தில் இருந்தவரை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

அந்த மாரி தொடங்குவதற்கு முன்னர் போடியாரின் ஜீப்பில் இடப்பக்கத்து ஹப் உள்ளே பல்லுடைந்து போனது. என்னிடம்தான் தென்னை விழுந்த ஜீப் கிடக்கிறதே. அதிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டேன். அளவு சரி, ஓட்டை சரி. ஆனால் அது வேறொரு கம்பெனி செய்தது. மற்றது நட் இறுக்குகிற பக்கம் திருகினால் பூட்டும். இது கழற்றுகிற பக்கம் திருகினால்தான் பூட்டும். ட்ரைவரிடம் சொன்னேன். அவர் போடியாரிடம் சொன்னார். போடியார் இரண்டு நாள் என்னை ஏசினார், பிறகு கை பழகிவிட்டது. உளி எடுத்து அதில் ஒரு அம்புக்குறி வெட்டிவிட வேண்டும் என்று நான் நினைத்தேன். அடுத்த முறை ஜீப் வரும்போது செய்யலாம் என்று விட்டுவிட்டேன்.

போடியாரின் வயலைப் பார்த்துச் செய்துகொண்டு ஒருவர் வட்டைக்குள்ளேயே வாடி என்று ஒரு குடில் போட்டு இருந்தார். என்னைவிட வயதில் இளையவர். அவருடைய வாப்பாவுக்கு ஒரு துண்டு வயல் இருந்தது. சின்ன வயதிலிருந்து அதைக் கொத்தியதும் விதைத்ததும் இவர்தான். ஆனால் எங்கள் ஊர்களில் வீடும் காணியும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். தங்கச்சிக்குக் கலியாணம் பேசியபோது வாப்பா அந்த வயலைச் சீதனமாக எழுதிக் கொடுத்தார். அதில் பிழை சொல்ல ஒருவருக்கும் வாய் இல்லை. இவருக்கும் இல்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை. இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பெண்சாதி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வட்டைக்குப் போய்விட்டார். இரண்டு பெருநாள் வந்து போயின. அவர் வரவில்லை.

அப்படியிருக்க, ஒரு நாள் விடிய, சுபஹுத் தொழுகைக்கு முந்தி வாப்பா மௌத்தாகிவிட்டார். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மகனுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று பேச்சு வந்தது. அவன் எங்கே வரப்போகிறான் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். போடியாரின் ட்ரைவர்தான், ஜீப்பைத் தந்தால் நான் போய்க் கூட்டி வருகிறேன் என்று முன்னுக்கு வந்தார். அவரும் அந்த மகனும் வாடியில் ஒரே தட்டில் சோறு தின்றவர்கள். போடியார் ஜீப் திறப்பைக் கொடுத்தார்.

காலையில் கிட்டங்கித் தாம்போதியால், ஆற்றுக்குக் குறுக்கே உள்ள அந்தத் தாழ்ந்த ரோட்டால், போக முடிந்தது. தண்ணீர் ரோட்டைத் தொட்டுக்கொண்டு ஓடியதாம். ஃபோர் வீல் தேவைப்படவில்லை. சேதி கேட்டதும் அந்த மனுஷன் காலில் இருந்த சேற்றைக்கூடக் கழுவாமல் ஜீப்பில் ஏறினாராம். திரும்பி வரும்போது தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தது. மேலே குளத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் சம்மாந்துறைப் பக்கமாக வாய்க்கால் கட்டால், அந்த மண்கரையால் சுற்றி வந்தார்கள். கட்டில் ஏறுவதற்கு முன் இரண்டு பேரும் இறங்கினார்கள். ட்ரைவர் வலப்பக்கம். மகன் இடப்பக்கம்.

"பூட்டினியா?"

"ஓம், பூட்டிக் கிடக்கு."

அவ்வளவுதான் கதை. கட்டு உடைந்து சரிந்திருந்த ஒரு இடத்தில் ஜீப் சுரிச் சேற்றுக்குள் இறங்கியது. பின்சில்லு சுற்றியது, முன்சில்லு அசையவில்லை. மண்வெட்டியால் வெட்டினார்கள், வைக்கோல் போட்டார்கள், கோணிச் சாக்கை மடித்துச் சில்லுக்குக் கீழே வைத்தார்கள். கடைசியில் தூரத்தில் நின்ற ஒரு ட்ரக்டரைக் கூட்டிவந்து இழுத்தார்கள். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

இங்கே மையவாடியில் நாங்கள் வெட்டிய கபுறுக் குழிக்குள் ஊறி வந்த தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டு நின்றோம். மத்தியானம் லுஹருக்கு அடக்குவதாக இருந்ததை, மகனுக்காகப் பின்னேரம் அஸருக்குத் தள்ளினார்கள். இறைக்க இறைக்கத் தண்ணீர் ஏறியது. கபுறின் ஒரு பக்கம் இடிந்தது. இனித் தாங்காது என்று அடக்கிவிட்டோம். கை கழுவிக்கொண்டு வாசலுக்கு வரும்போதுதான் ஜீப் வந்து நின்றது. மகன் இறங்கினார், தலையிலிருந்து கால் வரை சேறு. அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. மூடின கபுறுக்குப் பக்கத்தில் குந்தி, மூன்று பிடி மண் அள்ளி மேலே வைத்தார். மழை அதையும் கரைத்தது. வாப்பாவின் முகம் அவருக்குக் கிடைக்கவில்லை.

எழும்பி வந்து, ஜீப் புதைந்துவிட்டது என்று சொன்னார். அவருடைய வாப்பாவின் தம்பி ஒருவர் வாசலில் நின்றவர், அவரைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"காணி பிரிக்கிறதெண்டா வெள்ளென வந்திருப்பாய்."

ஊர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது. அவன் வேண்டுமென்று சுணங்கினான், புதைந்த கதை ட்ரைவர் கூட்டாளிக்காகக் கட்டின கதை என்றார்கள்.

மறுநாள் காலையில் போடியார் ஜீப்பை என்னிடம் கொண்டுவந்தார். ட்ரைவரும் வந்தார். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் பாதிப் பேர் பின்னால் வந்தார்கள். வாசலில் அப்படிச் சொன்ன அந்தச் சாச்சாவும் வந்து மரக்குற்றியில் இருந்தார். மகன் மௌத் வீட்டிலேயே இருந்தார், வரவில்லை. ஆனால் ட்ரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: என்ன உடைந்தது என்று பாஸ் பார்த்து நாலு பேருக்கு முன்னால் சொல்லட்டும் என்று.

நான் முறையாகத்தான் பார்த்தேன். கீழே படுத்து, ஃபோர் வீலுக்கு உள்ள மஞ்சள் கியரைப் போடச் சொல்லி, முன்பக்கம் போகிற ஷாஃப்ட் சுற்றுகிறதா என்று பார்த்தேன், சுற்றியது. அப்படியென்றால் கியர்ப் பெட்டி சரி. பிறகு பின்பக்கத்து ஷாஃப்டைக் கழற்றி ஒதுக்கி வைத்தேன். அது இல்லாவிட்டால் ஜீப் முன்சில்லால் மட்டும்தான் ஓட வேண்டும். உள்ளே ஏதாவது உடைந்திருந்தால் ஒரு முழம் நகராது. ஹப்பைப் பூட்டப் போனேன். வலப்பக்கம் இறுக்குகிற பக்கம் திருகினேன், பூட்டியது. இடப்பக்கத்தைக் கழற்றுகிற பக்கம் திருகினேன். அசையவில்லை. பூட்டித்தான் கிடக்கிறது என்று எழும்பிவிட்டேன்.

ஒழுங்கையால் கடற்கரைக்கு இறக்கினேன். தோணிகள் ஏற்றியிருந்த மேட்டு மணலில், முன்சில்லு இரண்டும் மணலை வாரிப் போட்டுக்கொண்டு ஜீப்பை இழுத்துப் போயின. மாயாவலை இழுத்தவர்கள்கூட வலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள்.

திரும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"ஜீப்புல ஒரு குறையும் இல்ல போடியார். நாலு சில்லும் இழுக்குது."

"பாஸ், அண்டைக்கு முன்சில்லு அசையல்ல. நான் என்ட கண்ணால பார்த்த" என்றார் ட்ரைவர்.

"சில்லு முழுக்கச் சுரிக்குள்ள. நீ எந்தக் கண்ணால பார்த்தாய்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாச்சா மரக்குற்றியிலிருந்து எழும்பிச் சாரனைத் தட்டிவிட்டுப் போனார். அஸருக்குள் என் வார்த்தை சாய்ந்தமருது வரை போய்விட்டது. ஜீப்பில் ஒன்றும் இல்லையாம், பாஸே சொல்லிவிட்டாராம். அந்த மகன் அன்று பின்னேரமே நடந்து வட்டைக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சில நாள் கழித்து மருதமுனையிலிருந்து ஒரு நெசவுகாரர் சைக்கிளில் வந்தார். பின்னால் சாரன் கட்டு. பெடல் ஆடுகிறது, இறுக்கித் தாங்க என்றார். ஜீப் கராஜில் சைக்கிள் வேலை செய்வது எனக்கு மரியாதைக் குறைவு. ஆனாலும் மழையில் வந்த மனுஷன். சைக்கிளில் இடப்பக்கத்துப் பெடல் எதிர்ப்பக்கம்தான் இறுகும், அது எல்லோருக்கும் தெரியும். ஸ்பேனரை மாட்டி அந்தப் பக்கம் திருகினேன். பாதித் திருகில் என் கை நின்றது.

"என்ன பாஸ், பெடல் கடிச்சிட்டா?" என்று கேட்டார் அவர்.

போடியாரின் ஜீப்பில் நான் திருகிப் பார்த்த ஹப்தான் கண்ணுக்குள் வந்தது. தார் ரோட்டால் வந்த ஜீப்பில் இடப்பக்கத்து ஹப் பூட்டியபடி ஏன் கிடந்தது? வலப்பக்கம் பூட்டு விட்டுக் கிடந்ததே. தார் ரோட்டில் ஏறும்போது யாரோ அதை விடுகிறேன் என்று நினைத்துப் பூட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் வாய்க்கால் கட்டில் ஏறும்போது பூட்டுகிறேன் என்று நினைத்து, பூட்டாத நிலையிலேயே விட்டிருக்கிறார்கள். இடப்பக்கம் யார் இருந்தது? போடியார் இல்லை. அந்த மகன், அந்த ஹப்பை ஒரு நாளும் தொட்டுப் பார்க்காத ஆள்.

நெசவுகாரரின் பெடலை எப்படி இறுக்கி அனுப்பினேன் என்று நினைவில்லை.

வெள்ளம் வற்றியதும் கராஜைச் சாத்திவிட்டு சைக்கிளில் கிட்டங்கியைத் தாண்டிப் போனேன். அவர் வரம்பில் நின்று புல் செதுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், வாங்க காக்கா என்று அண்ணன் முறை சொல்லி வாடிக்குக் கூட்டிப்போய்ப் பாயை உதறிப் போட்டார். கோபம் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பெண்சாதி உள்ளேயிருந்து தேத்தண்ணியும் சீனித்துண்டும் கொடுத்தனுப்பினாள். வெள்ளாமையைப் பற்றி, எலியைப் பற்றி, குளத்துத் தண்ணியைப் பற்றி எல்லாம் கதைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில்தான் கேட்டேன், அன்றைக்கு ஹப்பை எந்தப் பக்கம் திருகினாய் என்று.

அவர் கையை முன்னுக்கு நீட்டி, காற்றில் ஒரு ஹப்பைப் பிடித்துத் திருகிக் காட்டினார். நட் இறுக்குகிற பக்கம்.

"அசையல்ல காக்கா. முதலே பூட்டிக் கிடக்கெண்டு நினைச்ச நான்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தென்னை விழுந்த ஜீப், வேறு கம்பெனி ஹப், வெட்டாமல் விட்ட அம்புக்குறி, பூட்டியபடி வந்ததை நான் கண்டும் யோசிக்காமல் நாலு பேருக்கு முன்னால் வாய் விட்டது. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்ட கைதானா?"

"உன்ட கை சரியாத்தான் திருகினது. நான் போட்ட இரும்புதான் பிழை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வாசல்ல நிண்டு எல்லாருக்கும் சொல்லிப்போடுறன்."

அவர் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளி வைத்தார். வெளியே கொக்குகள் வரம்பில் இறங்கி ஏறின.

"ட்ரைவருக்கு இது மறுபக்கம் திருகிற ஹப்பெண்டு தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொன்ன. அண்டைக்கு அவசரத்துல உனக்குச் சொல்ல மறந்திருப்பான்."

"அப்ப சொல்லாதீங்க காக்கா. ஒருத்தரும் வர மாட்டனெண்டு நிண்ட நேரம் என்னைத் தேடி வந்தவன் அவன் ஒருத்தன்தான். தான் மறந்ததாலதான் நான் வாப்பாட முகம் பார்க்கல்லையெண்டு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான். என்னப் பற்றி ஊர் எப்படியும் ஏதோ கதைக்கும்."

"ஊர் உன்னைப் பிழையா நினைக்குதே."

"வீட்டை விட்டுப் போனது நான்தானே. அந்தளவு பிழை என்னில இருக்கு."

நான் சத்தியம் செய்யவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தத் தலையாட்டலில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. பள்ளிவாசலில் நின்று என் பேரை நானே கெடுக்கத் தேவையில்லாமல் போய்விட்டதே. ட்ரைவருக்காக மறைத்தேனா, எனக்காக மறைத்தேனா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல வரவில்லை.

அடுத்த முறை ஜீப் வந்தபோது, பழசாகிவிட்டது என்று சொல்லி அந்த ஹப்பைக் கழற்றிவிட்டு, வலப்பக்கத்துக்கு ஒத்ததாக ஒன்று தேடிப் போட்டேன். கழற்றியதை ஒரு தோணிக்காரர் நங்கூரத்துக்குப் பாரமாகக் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தப் பேச்சை எடுத்திருக்க மாட்டேன். சில வருஷம் போய், நாட்டில் சண்டைப் பிரச்சினைகள் தொடங்கி, வட்டைப் பக்கம் போகிற ஆட்கள் குறைந்த காலம். போடியாரும் ஜீப்பை விற்றுவிட்டார். ட்ரைவர் வேலையில்லாமல் ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் என் பக்கத்தில் வந்து இருந்தார். பழைய கதைகள் கதைத்தோம். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

"பாஸ், நீங்க அண்டைக்குச் சொன்னது சரிதான். ஜீப்புல ஒண்டும் இல்ல. அவன் ஹப்பைத் தொடவே இல்ல. பூட்டிக் கிடக்கெண்டு எனக்குப் பொய் சொன்னவன். வாப்பாவில அவ்வளவு கோபம். நான் அவனோட கோபிக்கல்ல, ஆனா பிறகு வாடிப் பக்கம் போகவும் இல்ல."

என் வாயில் தேத்தண்ணி இருந்தது. விழுங்கினேன். எவருக்காக அவர் அந்தக் கெட்ட பேரைச் சுமந்தாரோ, அவரே அதை நம்பியிருக்கிறார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சொல்லாதே என்று சொன்ன மனுஷன் இதைக் கண்டிருந்தால் சொல்லு என்றிருப்பார். எனக்கு அது அப்போதே தெரியும். ஆனாலும் இன்னொரு தேத்தண்ணி சொல்லி, மழையைப் பற்றிக் கதைத்தேன். ட்ரைவர் அந்த நினைப்போடேயே மௌத்தானார். அந்தக் கதையை இன்னும் பல இடத்தில் சொல்லியும் இருந்தார்.

அந்த மகனும் இப்போது இல்லை. சவளக்கடைப் பக்கத்தில்தான் கடைசிவரை இருந்தார், அங்கேதான் அடக்கினார்கள். நானும் போனேன். நேரத்துக்குப் போனேன். அங்கே அவருடைய மகளின் பிள்ளை, பேரன் ஒருவன் பக்கத்தில் நின்றவனிடம், எங்கட மூத்தப்பா தன்ட வாப்பாட மௌத்துக்கே போகாதவராம் என்று சொல்வதைக் கேட்டேன். அப்போதும் என்னால் திரும்பி ஒரு சொல் சொல்ல முடியவில்லை. கபுறுக்கு முன்னால் நின்று இரும்பைப் பற்றி எப்படிக் கதைப்பது என்று ஒரு சாட்டு கிடைத்தது.

இப்போது என் காலும் பஸ் ஏறுகிற நிலையில் இல்லை. மறைக்கச் சொன்னவரும் போய்விட்டார், எவருக்கு மறைத்தோமோ அவரும் போய்விட்டார். ஆகையால் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற நீங்கள் கிட்டங்கியைத் தாண்டி அந்தப் பக்கம் போனால், அவருடைய பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சேதி கேட்டதும் காலைக்கூடக் கழுவாமல் ஏறி வந்தார், ஹப்பில் கை வைத்தார், எல்லோரும் திருகுகிற பக்கம்தான் திருகினார் என்று சொல்லுங்கள். ட்ரைவரின் மக்கள் கல்முனைக்குடியில்தான் இருக்கிறார்கள். அவர்களிடமும், உங்கள் வாப்பாவுக்கு அவர் பொய் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால், அந்த ஹப்பைப் போட்டவன் சொன்னான் என்று என் கராஜ் இருந்த ஒழுங்கையைக் காட்டிவிடுங்கள்.